நெற்றுக்கு விடாத கை

அந்த மொட்டை மாடியில் பதினோரு வருஷமாக எதுவும் முற்றியதில்லை. வெண்டை விரல் நீளத்தைத் தாண்டியதில்லை. அவரைக்குள் விதை புடைத்ததில்லை. வெள்ளரிக்கு மஞ்சள் தட்டியதில்லை. தக்காளிகூட, கன்னம் சிவக்கத் தொடங்கிய மறுநாளே காம்போடு கீழே போய், சமையலறை ஜன்னலோரம் பழைய செய்தித்தாளின் மேல் உட்கார்ந்துதான் பழுக்கும். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், மூன்றாவது வரிசை ஏழாவது மண்பையில் நின்ற வெண்டைச் செடியில், சரியாகத் தன் கண் மட்டத்தில், ஒரு சாண் நீள நெற்று ஒன்று சாம்பல் நிறமாகக் காய்ந்து முதுகு வெடித்துத் தொங்குவதைப் பார்த்தபோது, யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

நெற்று ஒரே ராத்திரியில் வராது. பிஞ்சு காயாகி, காய் முற்றி, நாரோடி, செடியிலேயே உலர்ந்து கலகலக்க ஒரு மாதமாவது ஆகும். நேற்றுக் காலையில் இதே செடியில் அவர் கையாலேயே மூன்று காய் ஒடித்திருந்தார். அப்போது இது இல்லை.

காற்று துளியும் இல்லை. ஆனாலும் நெற்று லேசாக ஆடியது. உள்ளே விதைகள் உருண்டன. சின்னக் குழந்தையின் கையில் கிலுகிலுப்பை கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையில் இருந்து கேட்பது போல் இருந்தது அந்த ஓசை. அவர் கத்தரிக்கோலை எடுத்து அதை நறுக்கிக் குப்பைக்குழித் தொட்டியில் எறிந்தார். எறிந்த பிறகும் சத்தம் நிற்க ஒரு நிமிஷம் பிடித்தது.

குடியிருப்பில் அவருக்கு மூன்று பெயர்கள். குடியிருப்போர் சங்கம் கேடயத்தில் பொறித்துக் கொடுத்தது 'பசுமைச் செம்மல்'. காவலாளி கூப்பிடுவது 'மாடி சார்'. அவர் முதுகைத் திருப்பியதும் எல்லாரும் சொல்வது 'கிள்ளு சார்'. மூன்றாவதுதான் பொருத்தமான பெயர். உலகத்தில் பட்டங்கள் முகத்துக்கு நேரே கொடுக்கப்படுகின்றன, பெயர்கள் முதுகுக்குப் பின்னால்தான் வைக்கப்படுகின்றன.

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு மாடியில் அவர் பாடம் எடுப்பார். நாற்காலி போட்டு, தொண்டையைச் செருமி, எண்பத்து நாலு பைகளும் பின்னணியில் கைகட்டி நிற்க, எதிரே இருபது முப்பது பேர் இலவசக் காய்க்காகப் பொறுமையோடு உட்கார்ந்திருக்க, பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் உச்சத்துக்குப் போகும்.

"செடிக்கு ஒரே ஒரு ஆசைதாங்க. விதை. ஒரு காயை நெத்தா விட்டுட்டீங்கன்னா, 'அப்பாடா, வந்த சோலி முடிஞ்சுது'ன்னு செடி படுத்துடும். விடாதீங்க! பறிச்சுக்கிட்டே இருங்க. இன்னும் பிள்ளை பொறக்கலையே, இன்னும் பொறக்கலையேன்னு அது பயந்து பயந்து பூக்கணும். நுனியைக் கிள்ளுங்க. ஒண்ணைக் கிள்ளினா ரெண்டு வரும்!"

கைதட்டுவார்கள். செடிகள் தட்டுவதில்லை.

இந்தத் தத்துவத்தை அவர் தோட்டத்தில் கற்றுக்கொள்ளவில்லை, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்தார். எடை அளவு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் பிரிவுத் தலைவர். அந்தப் பிரிவிலிருந்து ஒருவர்கூடப் பதவி உயர்ந்து வெளியே போனது கிடையாது. ஒருவன் நன்றாக வேலை செய்கிறான் என்று தெரிந்துவிட்டால், அவனுடைய விண்ணப்பத்தின் ஓரத்தில் 'இவர் இல்லாமல் பிரிவு இயங்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரு மனிதனை இதைவிட மரியாதையாகக் கொல்ல முடியாது.

வீட்டிலும் அதே கைதான். மகளுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருபத்திரண்டாவது வயதில் அவள் எழுதிய மேல்படிப்பு விண்ணப்பத்தைத் தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டு போனவர் போடவில்லை. இருபத்தெட்டில் பெண் கேட்டு வந்தவர்களிடம், "பொண்ணுக்கு அப்பப்ப மயக்கம் வரும், மறைக்க மனசு வரல" என்று பெருந்தன்மையோடு சொல்லி அனுப்பிவைத்தார். மனைவிக்கும் ஒரு காலத்தில் ஒரு கடிதம் வந்தது, பள்ளிக்கூட ஆசிரியை வேலைக்கு. கல்யாணமான ஆறாவது மாதம். அது வந்ததே அவளுக்குத் தெரியாது என்று நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

நேற்று, திங்கட்கிழமை மதியம், தபால் பெட்டியில் மகள் பெயருக்கு ஒரு உறை வந்திருந்தது. எட்டு மணி நேர ரயில் தூரத்தில், முத்திரை குத்திய காகிதத்தை மட்டுமே நம்புகிற பழங்கால மருத்துவமனை ஒன்று. ஆய்வுக்கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பு. முப்பதாம் தேதி மாலைக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. அவர் அதை மாடித் தகரக் கொட்டகையில், நீல உர டப்பாவின் அடியில் வைத்து மூடினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெண் போய்விட்டால் வீடு ஓய்ந்துவிடும், அவ்வளவுதான்.

புதன்கிழமை விடியற்காலை, அரைத் தூக்கத்தில், வலது கைச் சுண்டுவிரலை யாரோ பிடிப்பது தெரிந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாக, குளிர்ச்சியாக, அவசரமே இல்லாமல், சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குகிறவர்கள் முற்றலா பிஞ்சா என்று நுனியை வளைத்துப் பார்ப்பார்களே, அப்படி வளைத்தன. மனைவிதான் என்று நினைத்தார். அந்தக் கணத்தில் சமையலறையில் குழாய் திறந்து பாத்திரத்தில் தண்ணீர் விழுவதும், மனைவி இருமுவதும் கேட்டது.

டக்.

எழுந்து விளக்கைப் போட்டார். சுண்டுவிரலின் நுனி, நகத்தோடு, இல்லை. வலியில்லை. ரத்தம் இல்லை. வெட்டுவாயில் கண்ணாடி போல ஒரு சொட்டு நின்றது. அறை முழுக்க அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாசனை. தக்காளிக் கொழுந்தைக் கிள்ளினால் விரலில் ஒட்டிக்கொண்டு, மூன்று தடவை சோப்புப் போட்டாலும் போகாமல், சாப்பிடும்போது மூக்கருகே வந்து நிற்குமே, அது.

"கதவுல நசுங்கிடுச்சு" என்றார், காபி குடிக்கும்போது.

மகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நசுங்கினா இப்படியா இருக்கும்? கிள்ளி எடுத்த மாதிரி இருக்கே. ரத்தம் எங்கப்பா?"

"எனக்கு ரத்தம் கெட்டியானது."

"ரத்தக் கொதிப்பு மட்டும் எப்படி இருக்காம்?" என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடி.

மகள் சின்ன ஊசியை எடுத்து மோதிர விரலில் குத்தினாள். நிறமற்ற ஒரு துளி மெதுவாக வந்து உட்கார்ந்தது. அவள் முகர்ந்து பார்த்தாள். சிரிக்க முயன்றாள். "எங்க லேப்ல இதுக்கு டெஸ்டே கிடையாதுப்பா." கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "எனக்குத் தபால் ஏதாவது வந்துச்சா?"

"வரலையேம்மா."

சுண்டுவிரலுக்குள் ஏதோ அசைந்தது. வலி என்று சொல்ல முடியாது. விதை ஊறும்போது உள்ளே திரும்பிப் படுப்பது போல.

வியாழக்கிழமை நெற்று மறுபடி இருந்தது. அதே செடி, அதே உயரம். இந்தத் தடவை அவர் பார்ப்பதற்கு முன்பே கலகலத்தது. கத்தரிக்கோலோடு கிட்டே போனபோது, அவரைக்கொடியும் கத்தரிச்செடியும் தக்காளியும் எல்லாம் சூரியன் இருக்கும் பக்கத்தை விட்டு அவர் பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனித்தார். நேற்றுத் தண்ணீர் ஊற்றியவர் என்ற பாசமாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டார். பாசத்தோடு சாய்கிறவர்களின் முகத்தைப் பார்த்தவர் இல்லை அவர், அதனால் வித்தியாசம் தெரியவில்லை.

மனைவி துணி உலர்த்த வந்தவள் கொடிக்கு அருகே நின்றாள். வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பதை இப்போதும் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணை விதைக்கு விட்டா என்னங்க?"

"விட்டா செடி ஓய்ஞ்சிடும்."

"ஓயட்டுமே."

"உனக்கு ஒரு எழவும் தெரியாது. போய்ச் சட்டையை உதறிப் போடு."

அவள் உதறினாள். ஈரச் சட்டையின் கைகள் ஒரு முறை அவரை நோக்கி நீண்டு அடங்கின. அவர் நெற்றை நறுக்கினார்.

வெள்ளிக்கிழமை விடியலில் மோதிர விரலின் நுனி போயிற்று. டக். நகமும் சதையும் போல என்று மேடைகளில் சொல்வார்கள். அவை இரண்டும் எவ்வளவு சுலபமாக ஒன்றாகவே போகின்றன என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவரைக் குளியலறைச் சுவரோடு சுவராக ஒட்டவைத்தது அதல்ல. புதன்கிழமை கிள்ளப்பட்ட சுண்டுவிரல். அதில் போட்டிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தார். வெட்டுவாயின் இரண்டு பக்கமும் இரண்டு மொட்டு. வெளிர் பச்சை. மேலே வெண்டைப் பிஞ்சின் சுணை போல மெல்லிய ரோமம். ஒவ்வொன்றின் முனையிலும் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு நகம்.

ஒன்றைக் கிள்ளினால் இரண்டு.

சனிக்கிழமை அவை மடங்க ஆரம்பித்தன. அவர் மடக்காமலேயே.

ஞாயிறு பாடத்தைத் தள்ளிவைத்திருக்கலாம். ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறாதவர் என்று கேடயத்திலேயே எழுதியிருக்கிறது; கேடயத்தை ஏமாற்ற முடியுமா? தோட்டக் கையுறையை மாட்டிக்கொண்டு மேலே போனார். கையுறைக்குள் ஐந்து அறை. உள்ளே இருப்பவை அதற்கு மேல். இடம் போதாமல் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, வெயில் ஏற ஏறச் சுறுசுறுப்பாகி, பேச்சின் நடுவே 'விடாதீங்க' என்று அவர் கையை ஓங்கும்போதெல்லாம் உறைக்குள் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. சூரியன் இருந்த திசையில்.

பேச்சு முடிந்ததும் சங்கத் தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கைகுலுக்குவதற்கென்றே பிறந்து, நடுவில் சம்பளத்துக்காக வங்கியில் இருந்தவர்.

"இந்த வருஷமும் கேடயம் உங்களுக்குத்தான் சார்! கையைக் கொடுங்க!"

இவர் கொடுக்கவில்லை, தலைவரே பிடுங்கிக்கொண்டார். பிடித்த கை பிடித்தபடி நின்றது. சிரிப்பு மட்டும், சொந்தக்காரர் போன பிறகும் எரியும் விளக்கு மாதிரி, முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. கையுறைக்குள் இருந்தவை தலைவரின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி, நுனி நுனியாகத் தேடி, மெதுவாக வளைத்துப் பார்த்தன.

"கையில... ஏதாவது வெச்சிருக்கீங்களா சார்?"

"பிஞ்சு" என்றார் அவர். "நல்ல பிஞ்சு."

தலைவர் இலவசக் காயை வாங்காமலேயே படியிறங்கினார். சங்க வரலாற்றில் அது முதல் தடவை.

திங்கள், செவ்வாய், புதன். காலைக்கு ஒன்று. டக். சில காலை இரண்டு. கதவைத் தாழிட்டார். விரலை அக்குளில் சொருகிக்கொண்டு படுத்தார். விழித்தே கிடந்தார். விழித்துக் கிடந்தவருக்குக் கிள்ளும் கை தெரியவில்லை. குளிர்ச்சியும் பொறுமையும் மட்டுமே தெரிந்தன. அந்தப் பொறுமையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். எண்பத்து நாலு பைகளுக்கு முன்னால் தினமும் குனிந்தவரின் பொறுமை. அவருடையதே.

மேலே நெற்று ஒவ்வொரு காலையும் தொங்கியது. அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. வழியும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஒன்று நெற்றாக நின்றால் செடி ஓயும். ஓய்ந்த செடியை யாரும் கிள்ளுவதில்லை. அவர் வாயாலேயே ஐந்நூறு தடவைக்கு மேல் சொன்னது. உர டப்பாவைத் திறந்து, உறையை எடுத்து, மகள் கையில் கொடுத்தால் போதும்.

வியாழன் மாலையில் மகள் பையோடு கிளம்பினாள். "அவளுக்கு இன்னிக்கு நைட் ட்யூட்டி" என்றாள் மனைவி. மகள் வாசலில் நின்று கட்டுப் போட்ட அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"எனக்குத் தபால் ஏதாவது வந்துச்சாப்பா?"

கொஞ்சம் நீளமாகக் காத்திருந்தாள். எப்போதையும் விட நீளமாக.

"வந்தா சொல்ல மாட்டேனா?" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை. முப்பதாம் தேதி. கிழக்கு வெளுக்கும் முன்பே அவர் மாடிக்குப் போய்விட்டார். ட்யூட்டி முடிந்து ஏழு மணிக்கு வருவாள். எட்டு மணி ரயிலைப் பிடித்தால் மாலைக்குள் போய்ச் சேரலாம். கொடுத்துவிடுவது என்றுதான் போனார். உர டப்பாவை முழங்கைகளால் அணைத்து, மூடியைப் பல்லால் இழுத்து, உறையை எடுத்தார். கொட்டகை இருட்டு. கட்டை மீறி வெளியே நீண்டிருந்த விரல்களுக்கு நடுவே உறை சரசரத்தது. எத்தனை விரல் என்று அவர் எண்ணவில்லை.

படிவரை வந்தார். நின்றார்.

கீழே வீடு அமைதியாக இருந்தது. நாளையும் இப்படித்தான் இருக்கும். மறுநாளும். காபியைக் கையில் கொடுக்க ஆளில்லை, மாத்திரையை எடுத்துத் தர ஆளில்லை, 'தபால் வந்துச்சா' என்று கேட்க ஆளில்லை. வரலையே என்று சொல்ல ஒருத்தரும் இல்லாத வீடு.

கை போனால் போகட்டும் என்று தோன்றியது. கைதான் இரண்டிரண்டாக வருகிறதே.

கிள்ளினார். புது விரல்கள் ஆசையோடு வேலை செய்தன. அவற்றுக்குப் பிறந்ததிலிருந்து அது ஒன்றுதான் தெரியும். ஆனால் காகிதம் கிழியவில்லை. நொறுங்கியது. காய்ந்த நெற்றின் தோடு போல உதிர்ந்து, பொடிப்பொடியாக, சாம்பல் நிறமாக, அவர் காலடியில்.

"நாப்பது வருஷத்துக் காகிதங்க" என்றது குரல். "அது கிழியாது. உதிரும்."

மனைவி கொடிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் காய்க்கூடை.

"அலமாரியில தாள் மாத்துறப்போ கிடைச்சுது. பாப்பாவுக்கு அப்ப மூணு வயசு. பத்திரமா வெச்சிருந்தேன். போன புதன்கிழமை டப்பாவுல அவளோடதை எடுத்துட்டு என்னோடதை வெச்சேன். நேத்து சாயங்காலமே ரயில் ஏறிட்டா. ஏறுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கடைசியா ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்னா. கேட்டா. இப்ப நீங்க கிள்ளினீங்களே, அது என்னோட கடிதம். ரெண்டாவது தடவை."

அவருக்கு முதலில் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே, வெட்கமில்லாமல், ஒரு நிம்மதி.

"போயிட்டாளா? அப்ப நெத்து நின்னுடுச்சு." கட்டுகளைப் பல்லால் அவிழ்த்துக் கைகளை நீட்டினார். "இனிமே இது ஓய்ஞ்சிடும். இல்ல? ஓய்ஞ்சிடும்ல?"

மூன்றாவது வரிசையில் நெற்று கலகலத்தது. அவள் போய் அதை ஒடிக்காமல், குழந்தையின் தலையைத் தொடுவது போலத் தொட்டுவிட்டு வந்தாள்.

"அவ என் நெத்துங்க. பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டுடுவா. எனக்கு வந்த சோலி முடிஞ்சுது. உங்களோடது எது நின்னுச்சு?"

அவர் யோசித்தார். பிரிவு. கேடயம். எண்பத்து நாலு பை. பதினோரு வருஷம். ஒன்றுகூட.

"நீதானா?" என்றார். "இத்தனை நாளா நீதானா?"

"முதல்ல நான் இல்லீங்க." பைகளின் பக்கம் தலையசைத்தாள். இலைகள் எல்லாம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. "அவங்கதான். நான் பார்த்துக் கத்துக்கிட்டேன். ஞாயிறு தவறாம நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

அவர் சுண்டுவிரலை, இப்போது நாலாகக் கிளைத்திருந்ததை, கையிலெடுத்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். குளிர்ச்சி. நுனியை வளைத்துப் பார்த்தாள்.

"இன்னும் பிஞ்சுதான்" என்றாள்.

டக்.

மூன்றாவது வரிசை ஏழாவது பைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நாற்காலி இருக்கிறது. வெயில் நன்றாகப் படும் இடம். வெண்டைச் செடி நெற்று முற்றி, பழுப்பேறி, நிம்மதியாகப் பட்டுப்போய்விட்டது. ஒவ்வொன்றாக மற்றவையும். எல்லாவற்றையும் அவள் விதைக்கு விட்டுவிட்டாள். காய்ப்பு என்று மாடியில் மிச்சமிருப்பது ஒன்றுதான். அது நிற்கவே இல்லை. ஞாயிறுதோறும் எல்லார் வீட்டுக் கதவிலும் இலவசக் காய்ப் பை தொங்குகிறது. நகத்தை அவள் முன்னதாகவே ஆய்ந்துவிடுகிறாள். "இந்த வாரம் ரொம்ப இளசு" என்று தலைவர் வீட்டம்மா சொல்லி அனுப்பினாள்.

இன்றும் விடிகிறது. படியில் காலடி. கூடை சுவரில் உரசும் சத்தம். முப்பத்திரண்டு. அறுபத்து நாலு. எண்ண முடியவில்லை. எல்லாம் பச்சை. எல்லாம் நடுங்குகின்றன. எல்லாம் கிழக்கே திரும்புகின்றன.

அவள் முன்னால் வந்து குனிகிறாள்.

பேச வேண்டும். இருபத்தாறு வருஷம் ஒரு பிரிவையும் பதினோரு வருஷம் ஒரு மாடியையும் ஆண்ட வாய். ஒரே ஒரு சொல்தான் தேவை. வாயைத் திறக்கிறார். முந்தாநாள் அவர் வாய்க்குள்ளும் அவள் விரல் விட்டு நாக்கு நுனியைக் கிள்ளியிருந்தாள்.

உள்ளே இரண்டு நாக்கு எழுகின்றன. ஒன்று 'போ' என்கிறது. மற்றது 'தும்' என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

அவள் காது கொடுத்துக் கேட்கிறாள். பிறகு இரண்டு விரலை நீட்டுகிறாள்.